மடக்கை

ஏழாவது லேனில் இரவுப் பணி முடித்து,
காதுக்குள் இன்னும் நான்கு லாரிகள் ஓட,
பழையபேட்டையில் நயாஸ் பாஷாவின் கடை
ஷட்டர் ஏறும்வரை வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன்.
மடியில் கிட்டார்.
மாம்பழக்கூழ் ஆலையிலிருந்து
இனிப்பும் புளிப்புமாய் ஒரு காற்று.

காவேரிப்பட்டணம் மண்டபத்தில் போன ஞாயிறு
குணவதி சரணம் எடுக்கும்போது
வால்யூமைக் குறைக்கத் திருகினேன்.
பத்திலிருந்து நான்குவரை ஒன்றுமே ஆகவில்லை.
மூன்றில் சட்டென்று நான் இல்லை.
திரும்ப ஏற்றினால்
சூடான மணலில் கடலை பொரிவது போல் கரகர.
பந்தியில் இருந்தவர்கள் இலையிலிருந்து நிமிர்ந்தார்கள்.

வேனில் சொன்னாள்:
"ஒண்ணு நீ காணாமப் போற,
இல்லன்னா என் குரல் மேல ஏறி நிக்கற.
நடுவுல ஒரு எடம் இருக்குன்னு
உனக்கு யாருமே சொல்லலையா?"
மாதப்பன் டிரம் குச்சியால் தொடையில் தட்டியபடி
வெளியே டீசல் விலை பார்த்துக்கொண்டு வந்தான்.

நயாஸ் பின்தகட்டைக் கழற்றினான்.
எவனோ போன வருஷம் மாற்றிய பாட்;
முதுகில் பி ஐந்நூறு.
"இது நேர்கோட்டுல ஏறுறதுண்ணா.
காது நேர்கோட்டுல கேக்காது."

கண்ணாடி மேல் மூன்றை வைத்தான்.
கட்டைவிரல் நகம் அளவு ஒன்று, மலிவு,
ஆறு மாதத்தில் மறுபடி கடலை பொரியும்.
தண்டு தடித்தது ஒன்று,
அதற்கு என் கிட்டாரின் ஓட்டையை ராவ வேண்டும்.
மூன்றாவது பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலிருந்து
பஸ்ஸில் கண்டக்டர் கையில் வந்தது. ஏ ஐந்நூறு.
விலை என் ஒரு நாள் சம்பளத்தில் பாதி.

மீட்டரை வைத்து இரண்டையும் நடுவில் நிறுத்தினான்.
பழையது: இருநூற்று நாற்பது.
புதியது: அறுபத்திரண்டு.
பாதி வழி வந்தும் எட்டில் ஒரு பங்கு.
ஆனால் காது அதைத்தான் பாதி என்று நம்புமாம்.

ப்ளஸ் டூவில் இரவல் வாங்கிப் புரட்டிய
மடக்கை அட்டவணை ஞாபகம் வந்தது.
தேர்வறையோடு முடிந்தது என்றிருந்தேன்.
ஆளுக்கு இரண்டு பிரதி
தலையின் இருபுறமும் ஒட்டியிருக்கிறது என்று
இயற்பியல் சார் சொல்லியிருக்கலாம்.
சொல்லியும் இருப்பார். நான் தூங்கியிருப்பேன்.

இருநூற்றைம்பது போட்டால் கூர் மழுங்கும்;
என் பிக்கப் இரட்டைச் சுருள், ஏற்கெனவே கொஞ்சம் மந்தம்.
ஐந்நூறுதான் என்று முடிவானது.
"ஆனா ஒண்ணுண்ணா,
முழுசாத் திறந்து வச்சாலும்
எந்தப் பாட்டும் கொஞ்சத்த எர்த்துக்கு விடாம இருக்காது."
அவன் சொன்னது பாட்.
எனக்குப் பாட்டு என்று கேட்டது.
எப்படிக் கேட்டாலும் எனக்குத் தெரிந்த கணக்கு:
தடுப்புக்கட்டை வானம் பார்த்து நின்றாலும்
ஃபாஸ்டேக்கில் பணம் போய்க்கொண்டுதான் இருக்கும்.

டோனுக்குப் புதிது வாங்கக் காசில்லை.
ஸ்ப்ரே அடித்து, பத்துத் தடவை திருகி,
நாற்பத்தேழு நானோ கெபாசிட்டரை மட்டும் பிடுங்கிவிட்டு
இருபத்திரண்டு வைத்தான்.
பூஜ்யத்தில் வைத்தாலும் இனி
கம்பளிக்குள் முனகுவது போல் இருக்காது.
ஈயப்புகையில் இருவரும் தும்மினோம்.

பர்கூரில் அடுத்த முகூர்த்தம்.
சரணம் வந்தது. திருகினேன். எட்டு. ஏழு. ஆறு.
போய்க்கொண்டே இருந்தேன், காணாமல் போகவில்லை.
வரி தொடங்கும் முன் அவள் மூச்சு இழுப்பது
மூன்று வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டது.
கொஞ்சம் இளைப்பு இருக்கிறது அவளுக்கு.
எனக்கு அது தெரியாது.

வேனில் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
தண்ணீர் பாட்டில் கேட்டாள், கொடுத்தேன்.

திங்கள் இரவு கேபினில்
இன்டர்காம் குமிழைச் சும்மா திருகிப் பார்த்தேன்.
பத்திலிருந்து நான்குவரை சூப்பர்வைசர் அதே கத்தல்.
மூன்றில் ஆளே இல்லை.
பி.
மாற்றச் சொல்லி யாரிடமும் சொல்லவில்லை.